ஹஃப்ஸா விட்ட ரெசிஸ்டர்

1

இந்தக் கதை ஒரே ஒரு வரியிலிருந்து வந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று இணையத்தில் போட்டிருந்த ஒரு குட்டிக் கணினிப் பலகையின் வரைபடம். அதன் கீழே, ‘இரண்டாம் பதிப்பில் ஒரு ரெசிஸ்டர் சேர்க்கப்பட்டுள்ளது’ என்றொரு குறிப்பு. அப்படியானால் முதல் பதிப்பைச் செய்தவன் கதி? யார் யார் செய்தார்கள் என்று போட்டவருக்கே தெரியாதே.

2

கடற்காற்று வீசிய மாலையில் காரைக்கா—

(வேண்டாம். காரைக்கால் என்றால் உடனே காற்று வீசியாக வேண்டுமா?)

பலகையை வடிவமைத்த நஸ்ருதீன்—

(இவன் முதல் பத்தியிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறான். இவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? தூக்கிவிட்டேன்.)

பிறகு வந்தவள் ஹஃப்ஸா. கோட்டுச்சேரியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து தனியாளாக வடிவமைத்தவள். கெட்டிக்காரி. தப்பை ஒப்புக்கொள்ள மட்டும் வாய் வராது.

3

திருவேட்டக்குடியில் இறால் குளம் வைத்திருக்கும் சிவநாதன் அவளைத் தேடி வருகிறார். முதல் பதிப்பைப் பார்த்துப் பலகை செய்து, குளத்துத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் மோட்டாரை அதில் இணைத்தவர்.

“நல்ல போர்டும்மா. பக்கத்துக் கொளத்துக்காரங்களும் கேக்குறாங்க. அதே படத்த வச்சு செஞ்சு குடுக்கவா?”

“எறா எப்படிங்க இருக்கு?”

“எல்லாம் செத்துப்போச்சும்மா. கரண்டு போயி வந்துச்சு, மோட்டார் ஓடல. நான் ஊர்ல இல்ல. என் சம்சாரம் கல்யாணசுந்தரிதான் பாத்துக்கணும். தூங்கிட்டா. கேட்டா, போர்டு பாத்துக்கும்னு நெனச்சேங்குறா. போர்டு மேல பழி போடுறா பாரும்மா. அன்னையிலேருந்து அவகிட்ட நான் பேசுறதில்ல.”

மின்சாரம் திரும்பியதும் பலகை தடுமாறாமல் மோட்டாரை ஓடவைக்க வேண்டியது, முதல் பதிப்பில் ஹஃப்ஸா விட்டுவிட்ட அந்த ரெசிஸ்டர்தான். கடுகத்தனைப் பொருள்.

“பழைய படம் வேணாங்க. திருத்துனது இருக்கு, தர்றேன்.”

“என்னம்மா திருத்தம்?”

“சின்னதுதாங்க.”

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அவள் சொல்லிவிடுகிறாள், அவர் அழுகிறார். நாடகத்தனம், அடித்துவிட்டேன். அவள் சொல்லவில்லை, புதுப் பலகைகள் குளத்துக்குக் குளம் நன்றாக ஓடுகின்றன. இதுதான் நடக்கும் என்று தோன்றியது. எழுதக் கை கூசியது.

என் வருத்தமெல்லாம் கல்யாணசுந்தரியை நினைத்துத்தான். அவளை உண்டாக்கியவன் நான், தூங்கவைத்தவனும் நான். ஒரு வார்த்தை பேச அவளை உள்ளே விடவில்லை. அவள் மேல் தப்பில்லை என்று சிவநாதனிடம் போய்ச் சொல்ல எனக்கு வழியில்லை.

இதோ, அவர் செருப்பை மாட்டிவிட்டார். “ஒரு நிமிஷங்க” என்கிறாள் ஹஃப்ஸா. அவர் திரும்புகிறார். அடுத்த வார்த்தை எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தால் அவளிடம் கொடுங்கள், சீக்கிரம். அங்கே கல்யாணசுந்தரி அவருக்குச் சோறு போட்டு மூடி வைத்துவிட்டு, அவர் வருவதற்குள் கொல்லைப் பக்கம் போய்விடுகிறாள்.