மிளகுக்கு மருந்து சொன்ன ஆந்தை

மலைமேல் இருக்கும் ஆலத்தூர் நாட்டுச் சின்னுசாமிக்குப் பொய் சொல்லும்போது மீசை மயிர் ஒன்றுகூட அசையாது. உண்மை சொல்லும்போதுதான் நாக்கு குழறும். தன் தோட்டத்துப் பலாப்பழம் ஒன்று கொண்டை ஊசி வளைவு அத்தனையிலும் ஒழுங்காகத் திரும்பி உருண்டு போய், அடிவாரத்தில் பஸ் ஏறியது என்று ஒருமுறை சொன்னார். கேட்டவர்கள், "முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா?" என்று மட்டும்தான் கேட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கே தலை சுற்றும்படி ஒரு நாவல் வந்து சேர்ந்தது. கொடுத்தவர் ஹபீப் ரஹ்மான். அடிவாரத்திலிருந்து சோளக்காடு சந்தைக்கு வந்து மிளகு வாங்கும் வியாபாரி, சின்னுசாமியின் நெடுநாள் சிநேகிதர். ஒரே புத்தகத்தில் இரண்டு வாங்கியிருந்தார். "உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. படிச்சுட்டு வாங்க கவுண்டரே. இதையெல்லாம் உக்காந்து பேச எனக்கு வேற ஆளில்ல."

நாவலில் ஒரு மலை ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓடிப்போகிறது. அதைத் தேடி, இருட்டுக்குப் பயந்த பூதமும் இரவில் கண் தெரியாத ஆந்தையும் கிளம்புகின்றன. பூதம் வழி பார்க்க வேண்டும், ஆந்தை தைரியம் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம். பூதமோ கண்ணை இறுக மூடிக்கொண்டு வழி பார்த்தது. சின்னுசாமி சிரித்த சிரிப்பில் மனைவி கண்ணாயி அடுப்பை விட்டு ஓடி வந்தாள்.

"ஏனுங்க, என்னாச்சு?"

"மலை ஓடிப்போச்சு புள்ள."

கண்ணாயி வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். "நம்முளுது இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள்.

பாதிப் புத்தகத்தில் பூதம் கால் தவறிப் பள்ளத்தில் விழுகிறது. தோளில் இருந்த ஆந்தை வாயைத் திறந்து கத்துகிறது. பக்கத்தைத் திருப்பினால், 'மிளகுக் கொடியின் அடியில் மழைநீர் தேங்கக் கூடாது. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து...'

சின்னுசாமி கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். ஆந்தைதான் சொல்கிறது. விழுந்துகொண்டே சொல்கிறது. எழுத்து சின்னதாக இருந்தது. பள்ளத்துக்குள்ளிருந்து பேசுவதால் இருக்கும். கொடி கட்டுவது, வாடல் நோய், காய் பறிப்பது என்று பக்கம் பக்கமாகப் போயிற்று. மலையே ஓடுகிற கதையில் ஆந்தை மிளகு பற்றிப் பேசினால் என்ன குற்றம்? சாகப்போகிற நேரத்திலும் அடுத்தவன் கொடிக்காகக் கவலைப்படுகிறதே, இதுவல்லவா சிநேகம் என்று அவருக்குக் கண்கூடக் கலங்கியது.

ஒன்றுதான் விளங்கவில்லை. கடைசிப் பக்கத்தில் இரண்டும் கட்டிப்பிடித்து, 'என்னை மன்னித்துவிடு' என்று அழுதன. எதற்கு மன்னிப்பு? சண்டையே வரவில்லையே!

சந்தையன்று அத்தாயியின் டீக்கடையில் ஹபீப் ஆவலாகக் கேட்டார். "எந்த இடம் ரொம்பப் புடிச்சுது?"

"ஆந்தை மிளகுக்கு மருந்து சொல்ற இடமுங்க பாய்."

"எந்த ஆந்தை?"

"நம்ம ஆந்தைதானுங்க. ம... மயில்துத்தம் எவ்வளவுன்னுகூடச் சொல்லுதுங்களே." உண்மை என்பதால் நாக்கு குழறியது.

ஹபீப்பின் முகம் சுருங்கியது. "ரெண்டும் சண்டை போட்டுப் பிரியுதே, அந்த இடம்?"

"அதுல சண்டை எங்கீங்க இருக்குது?"

"படிக்கலைன்னா படிக்கலைன்னு சொல்லுங்க கவுண்டரே. ஆசையா வாங்கிக் குடுத்தேன். பலாப்பழத்தை பஸ் ஏத்துன கதையை எங்கிட்டயுமா?" டீயைத் தொடாமலே எழுந்து போய்விட்டார்.

அடுத்த சந்தைக்கு அவர் டீக்கடைப் பக்கமே வரவில்லை. அதற்கடுத்த சந்தைக்கும் வரவில்லை. சின்னுசாமிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. அத்தனை பொய்யையும் ரசித்த மனுசன் ஒரே ஒரு உண்மைக்குக் கோபித்துக்கொள்கிறாரே! பிணங்கிய சிநேகிதர்கள் எப்படிச் சேர்வது என்று ஆந்தை ஏதாவது சொல்லியிருக்குமா என மறுபடி புரட்டினார். ஆந்தைக்கு மிளகைத் தவிர வேறு நினைப்பில்லை.

கடைசியில் புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு, ஹபீப் மிளகு எடை போடும் இடத்துக்கே போனார்.

"நீங்களே படிச்சுப் பாருங்க சாமி."

வேண்டாவெறுப்பாகப் பிரித்த ஹபீப், நடுப்பக்கம் வந்ததும் நின்றார். தைத்த இடத்தை விரித்துப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார். அப்புறம் மிளகு மூட்டையிலேயே சாய்ந்து விழுந்து சிரித்தார்.

"கவுண்டரே, இது வேற புத்தகத்துப் பக்கம்! பைண்டிங் பண்ணினவன் மிளகு சாகுபடியை எடுத்து நடுவுல வெச்சுத் தெச்சுட்டான். சண்டை இருந்த பக்கமெல்லாம் போச்சு. அப்ப நீங்க நெசமாவே படிச்சிருக்கீங்க!"

கையைப் பிடித்து டீக்கடைக்கு இழுத்துப் போனார். போனதும் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி, "கேளுங்கப்பா, கவுண்டர் புத்தகத்துல ஆந்தை மிளகுக்கு மருந்து சொல்லுது!" என்றார்.

அத்தாயி டீயை ஆற்றிக்கொண்டே அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களுமா பாய்? நல்லாத்தானே இருந்தீங்க. எல்லாம் கவுண்டர் சகவாசம்."

"நெசங்க! கவுண்டரே, நீங்களே சொல்லுங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. சின்னுசாமி துண்டோடு புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார். மீசை அசையவில்லை.

"எனக்கென்னங்க தெரியும்? நான் அதைப் படிக்கவே இல்லீங்க."

கடை மொத்தமும் அதை நம்பியது. ஹபீப் அத்தாயி பக்கம் திரும்பினார்.

"அத்தாயி, கவுண்டருக்கு டீ கிடையாது" என்றார். பிறகு தன் டீயில் பாதியை இன்னொரு டம்ளரில் ஊற்றி அவர் பக்கம் தள்ளினார்.

சின்னுசாமி ஒரு வாய் குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது கெடக்கட்டுமுங்க பாய். அவங்க ரெண்டு பேரும் எதுக்குத்தான் சண்டை போட்டாங்க?"

"சொல்ல மாட்டேன். போய் உங்க ஆந்தையையே கேளுங்க."