பின்னால் வரும் புள்ளி

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் திரையில் மறுபடியும் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. வானத்தில் இருந்தது ஒரே ஒரு ஜெட் விமானம்.

கமாண்டர் தேவராஜ் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ராஜவேலு, இன்னும் ரெண்டு சுத்துக்குத்தான் அதுல எண்ணெய் இருக்கு. அதுலயும் ரெண்டு புள்ளி விழுந்தா, திட்டத்தை மூடிடலாம்னு சாயங்காலமே டெல்லிக்கு எழுதணும்."

நான்தான் திட்டப் பொறியாளர். ஆறு வருட வேலை. ஐந்து நாட்களாகச் சரியான தூக்கமில்லை.

அது 1982. ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு முகட்டில் எங்கள் தகரக் கொட்டகை இருந்தது. கப்பலுக்கான கருவிக்கு மலையில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்களுக்கு இரண்டு முகடுகள்தான் இரண்டு கப்பல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ரேடார். எதிரி விமானத்தை இரண்டு கப்பல்களும் பார்க்கும். ஆனால் தளபதியின் திரையில் அது ஒரே புள்ளியாக விழ வேண்டும். இரண்டாக விழுந்தால் இரண்டு ஏவுகணைகள் கிளம்பும். ஒன்று வெறும் காற்றைத் தேடிப் போகும். கப்பலில் இருப்பதோ கொஞ்சம் ஏவுகணைகள். எனவே கம்ப்யூட்டருக்கு ஒரு விதி கொடுத்திருந்தேன்: இரண்டு புள்ளிகள் நானூறு மீட்டருக்குள் இருந்தால் அவை ஒரே விமானம்.

போன மாதம் விசிறி வைத்த பழைய விமானத்தை வைத்துச் சோதித்தபோது விதி ஒருமுறைகூடத் தவறவில்லை. ஜெட் வந்ததும் எல்லாம் கெட்டது. ரேடாரைப் பிரித்துப் பார்த்தோம். அது வடக்கைச் சரியாகக் காட்டுகிறதா என்று மறுபடி அளந்தோம். மின்னணு அட்டைகளை மாற்றினோம். அறுநூறு மீட்டர் வித்தியாசம் அப்படியே இருந்தது.

செல்லியம்மாள் டீ கொண்டுவந்தாள். பக்கத்து ஊரில் சாமை பயிரிடுபவள். பகலில் எங்களுக்குச் சமைத்துப் போடுவாள். அந்த நேரம் ஒலிபெருக்கியில் எதிர் முகட்டிலிருந்து ஆபரேட்டர் ஆரோக்கியதாஸின் குரல் வந்தது.

"ஐயா, வணக்கங்க, ஆரோக்கியதாஸ் பேசறேங்க. தூரம் முப்பத்திரண்டுங்க. கோணம் நூத்தி நாலுங்க."

செல்லியம்மாள் சிரித்துவிட்டாள். "இன்னா சார் இது? கணக்கு சொல்றாரா, கல்யாணத்துக்குக் கூப்புடறாரா? அவரு வணக்கம் சொல்லி முடிக்கறதுக்குள்ள உங்க ஏரோப்ளேன் செங்கத்தைத் தாண்டிப் பூடும்."

தேவராஜும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த டீயை அப்படியே வைத்தேன்.

இரண்டாவது புள்ளி எப்போதும் விமானத்துக்குப் பின்னால்தான் விழுந்தது. விமானம் கிழக்கே போனால் மேற்கில். திரும்பி வந்தால் கிழக்கில். வடக்குத் திசையில் பிழை இருந்தால் விமானம் எந்தப் பக்கம் போனாலும் புள்ளி ஒரே பக்கம்தான் விலகும். துரத்திக்கொண்டே வருகிறது என்றால் பிழை திசையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. ஐந்து நாட்களாக அதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகடுகளுக்கு இடையே எண்கள் வானொலி வழியே தானாக வர வேண்டும். அந்தக் கருவி இன்னும் வந்து சேராததால் தொலைபேசி வைத்திருந்தோம். கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து வந்த ஆரோக்கியதாஸ் ரேடாரைப் பார்த்துப் படிப்பார். அவர் முடித்ததும் இங்கே எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் விசையை அழுத்துவோம். எட்டு மாதத்துக்கு முன்பு, முதல் நாள், அவர் வெறும் எண்ணைச் சொல்ல நான்கு வினாடி ஆனது. அந்த நான்கைக் கழிக்கும்படி கம்ப்யூட்டரில் எழுதினேன்.

அன்று மாலை பெரிய அதிகாரிகள் வந்திருந்தார்கள். ஆரோக்கியதாஸ் ஏலம் போடுகிறவர்போல எண்களைக் கத்தினார். ஒருவர் முகம் சுளித்தார். நான்தான் போனில் கடிந்துகொண்டேன்: "பெரியவங்க கேக்கறாங்க. கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க."

அன்றிலிருந்து அவர் மரியாதையாகப் பேசினார். நான்கை நான் மாற்றவில்லை.

போனை எடுத்தேன். "ஆரோக்கியதாஸ், இந்தச் சுத்துக்கு வணக்கம், ஐயா எதுவும் வேணாம். வெறும் நம்பர் மட்டும் சொல்லுங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கமாண்டர் ஐயா அங்க இருக்காருங்களே சார்?"

"இருக்கார். பரவாயில்ல."

"அப்புறம் வேலைக்கு ஒண்ணும் ஆவாதுங்களே? மூணு புள்ளைங்க சார்."

"ஒண்ணும் ஆகாது."

விமானம் வந்தது. "ஐ... முப்பது" என்றார். அடுத்து, "மன்னிச்சிருங்க, இருபத்தெட்டு". இரண்டாவது புள்ளி முன்னும் பின்னும் குதித்தது. எட்டு மாதம் பழகிய வாயை ஒரே நாளில் திருப்ப முடியாது. ஒரு சுற்று வீண்.

"கடைசி சுத்து" என்றார் தேவராஜ்.

ஆரோக்கியதாஸைத் திருத்த நேரமில்லை. ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு மறுபடி போனைப் பிடித்தேன். "எப்பவும் போலவே சொல்லுங்க. எதையும் மாத்தாதீங்க. ஒத்திகை பாக்கலாம்."

நிம்மதியாக ஆரம்பித்தார். "ஐயா, வணக்கங்க..." ஏழு வினாடி. மறுபடி ஏழு. மூன்றாவது முறையும் ஏழுதான். மூன்று வினாடி அதிகம். ஜெட் வினாடிக்கு இருநூறு மீட்டர் போகும், மூன்றுக்கு அறுநூறு. பழைய விமானம் அதில் பாதி வேகம். முந்நூறு மீட்டர்தான் விலகியிருக்கும். அதனால்தான் விதிக்குள் அடங்கி எங்களை ஏமாற்றியது.

கம்ப்யூட்டரின் முகப்புச் சுவிட்சுகளில் நான்கை ஏழாக்கினேன். இரண்டு முறை சரிபார்த்தேன்.

விமானம் தெற்கிலிருந்து நுழைந்தது. ஆரோக்கியதாஸ் முழு வணக்கத்தோடு படித்தார். இரண்டாவது புள்ளி முதலாவதன் மேல் விழுந்து, அங்கேயே நின்றது. விமானம் திரும்பியபோதும் பிரியவில்லை.

யாரும் கைதட்டவில்லை. அவ்வளவு களைப்பு. தேவராஜ் அறிக்கைத் தாளை என் பக்கம் தள்ளினார். "பிழைக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. ஆபரேட்டர் தாமதம்னு போட்டுடு. வம்பு இல்ல."

அப்படிப் போட்டால் திங்கட்கிழமையே அந்த முகட்டுக்கு வேறு ஆள் வருவார்.

'ஆபரேட்டர் பேசும் முறையைத் திட்டப் பொறியாளர் மாற்றச் சொன்னார். அதற்கேற்ப நேரக் கழிவை அவர் திருத்தவில்லை' என்று எழுதினேன்.

தேவராஜ் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "மேல உன்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க."

"கேக்கட்டும் சார்."

"திட்டம் தப்பிச்சுது. இன்னும் மூணு வருஷம் உனக்கு இந்தக் கொட்டகைதான், தெரியுமில்ல?"

தலையாட்டினேன். நான் வைத்த டீ அங்கேயே ஆறிக் கிடந்தது. எடுத்துக் குடித்தேன்.