வலிச்சு நோக்கு

என் அப்பா குப்பண்ணன் கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் தரகர். முப்பது வருடத்தில் அவர் கைமாற்றிக் கொடுத்த மாடு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று சந்தை முழுக்கப் பேர். அதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மாட்டின் குறையை அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். "இது ஒதைக்குமுங்க. பின் காம்பு ஒண்ணு அடைப்புங்க. பாத்துக்கிட்டு வெல பேசுங்க" என்று சொன்ன பிறகுதான் கைமேல் துண்டைப் போட்டு, அடியில் விரல் பிடித்து விலை பேசுவார். "குத்தத்த மறைச்சா கயிறு திரும்பி வரும்" என்பது அவர் வாய்ப்பாடு.

அப்பேர்ப்பட்ட மனிதர் என் விஷயத்தில் மட்டும் வாயைத் தைத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

நான் பிரதீபா. வயது இருபத்தாறு. பெருமாட்டிப் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் பாலைச் சோதித்து எடுப்பது என் வேலை. தண்ணீர் கலந்திருந்தால் சொந்த மாமனே கொண்டுவந்தாலும் கேனைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அதனால் ஊரில் எனக்கு நல்ல பேர் கிடையாது. அதைப் பற்றி எனக்குக் கவலையும் கிடையாது.

தை மாதம் நவீன்குமார் வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தென்னந்தோப்பும் பத்து மாடும் உள்ள குடும்பம். காபித் தட்டோடு மாப்பிள்ளையின் வலப்பக்கம் நின்று, "உங்களுக்குப் பால் கறக்கத் தெரியுமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி ஒன்றுமில்லையே. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரியான பவுசு பிடித்த ஆள் என்று நினைத்தேன். ஆனால் பார்க்க லட்சணமாக இருந்ததால் ஒரு தடவை மன்னித்துவிட்டேன். இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போய், நாள் குறிக்க மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் சொசைட்டியில் மருத்துவ முகாம். என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்த டாக்டர் அதை எடுக்கவே இல்லை. பாலக்காட்டுக்குப் போய் எக்கோ எடுத்தோம். இதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில், பிறவியிலிருந்தே ஓட்டை. பதினெட்டு மில்லிமீட்டர். படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குவதை உடம்புக் கொழுப்பு என்று அம்மா இத்தனை வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தாள்.

இதய டாக்டர் ஷைஜு ஓட்டையை அடைக்கிற சாதனத்தின் மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார். மெல்லிய கம்பி வலையாலான இரண்டு வட்டத் தட்டுகள், நடுவில் குட்டை இடுப்பு. இழுத்தபோது நீண்டு ஒடுங்கி ஒரு குழாய்க்குள் போனது. தள்ளியபோது வெளியே வந்து தானாகவே பழைய உருவத்துக்கு விரிந்தது.

"தொடை ரத்தக் குழாய் வழி ஹார்ட்டுக்குப் போகும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு, இந்தப் பக்கம் ஒரு தட்டு. நெஞ்சு கீற வேண்டா" என்றார், எங்களுக்காகத் தமிழைத் தேடிப் பிடித்து. "பட்சே, ஓட்டையச் சுத்தி விளிம்பு கெட்டியா வேணும். இல்லெங்கில் பிடிக்காது. அப்போ ஆபரேஷன் தன்னே."

அப்பாவுக்கு வேறு கவலை. "தழும்பு இருக்குமுங்களா?"

"தொடையில ஒரு சின்னப் புள்ளி. அதும் போகும்."

அப்பாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அது வெளியே வந்தது. "அப்பறம் என்னத்துக்கு அம்மிணி அவீங்ககிட்டச் சொல்லோணும்? ஓட்டையும் இருக்காது, தழும்பும் இருக்காது."

"ஏனுங்கப்பா, மாட்டுக்குக் குத்தஞ் சொல்லுவீங்க, எனக்குச் சொல்ல மாட்டீங்களா?"

"நீ என்ன மாடா கண்ணு?"

"மாட்டுக்குக் கெடைக்கற மரியாதை எனக்குங் கெடைக்கட்டுமுங்க."

எனக்கு ஓட்டையைப் பற்றிப் பெரிய பயமில்லை. அதற்கு டாக்டர் இருக்கிறார். ஆனால் சாதனம் வைத்த பின் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். அதைப் புகுந்த வீட்டு அரிசிப் பானையில் ஒளித்து வைத்துத் திருட்டுத்தனமாக விழுங்குகிற பிழைப்பு என்னால் ஆகாது. தண்ணீர் கலந்த கல்யாணம் எனக்கு வேண்டாம்.

மாசி மாதம் என்னை ஆஸ்பத்திரியின் ஒரு குளிர்ந்த அறைக்குள் கொண்டுபோனார்கள். தொடை மரத்துப்போக ஓர் ஊசி, அரை மயக்கத்துக்கு ஒரு மருந்து. பக்கத்துத் திரையில் என் இதயம் துடிப்பது மங்கலாகத் தெரிந்தது. குழாயின் நுனியிலிருந்து ஒரு தட்டு விரிந்தது, பிறகு இன்னொன்று. அப்போது டாக்டர் தன் உதவியாளரிடம், "ஒந்நு வலிச்சு நோக்கட்டே" என்றார்.

"வலிக்கலீங்க டாக்டர்" என்றேன் நான், மிகப் பொறுப்பாக.

அறை முழுக்கச் சிரித்தது. வலிச்சு நோக்குவது என்றால் மலையாளத்தில் இழுத்துப் பார்ப்பது. ரேஷன் கடையிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் நாள் தவறாமல் மலையாளம் பேசுகிறவள் நான். அந்த மருந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தது.

"சாதனம் இப்பவும் என் கம்பியோட சேர்ந்துதான் உண்டு, பிரதீபா" என்றார் டாக்டர். "விடறதுக்கு முன்னே வலிச்சு நோக்கணும். விளிம்பு பிடிச்சா நிக்கும். பிடிக்கலைன்னா இப்பவே திரும்ப எடுக்கலாம். விட்ட பிறகு எடுக்கறது பாடாணு, ரொம்பக் கஷ்டம்."

இழுத்தார். பிடிக்கவில்லை. தட்டு நழுவிக்கொண்டு வந்ததைத் திரையில் நானே பார்த்தேன். நெஞ்சைக் கீறத்தான் வேண்டுமோ என்று நினைத்தேன். அவர் பதறவே இல்லை. "சாரமில்லா, பரவாயில்ல, கொஞ்சம் பெரிசு எடுக்கலாம்" என்று அதைக் குழாய்க்குள் சுருட்டி வெளியே எடுத்துவிட்டு, அடுத்ததை அனுப்பினார். இழுத்தார். நின்றது. தள்ளினார். அசையவில்லை. அதற்கப்புறம்தான் கம்பியைத் திருகிக் கழற்றினார். மறுநாளே எழுந்து நடந்தேன்.

பங்குனி மாதம் நாள் குறிக்க நவீன்குமாரும் அவர் பெற்றோரும் வந்தார்கள். காலையிலேயே அப்பா, "வாயத் தொறந்துறாத அம்மிணி" என்று கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தார். காபி கொடுத்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நவீன்குமாரின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்ணு எளச்சாப்பல இருக்குதே. ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?"

"அதெல்லாம் ஒண்ணும்..." என்று அப்பா ஆரம்பித்தார்.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, சந்தையில் போடுவதுபோல அவர் கைமேல் போட்டேன். அடியில் கையை விட்டு, அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து ஓர் இழு இழுத்தேன். சந்தைக் கணக்கில் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. அப்பாவுக்குப் புரிந்தது. என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் சந்தைக் குரலை எடுத்தார்.

"ஒரு குத்தம் சொல்லோணுமுங்க."

எல்லாவற்றையும் சொன்னார். ஓட்டை, சாதனம், முதலில் வைத்தது நழுவியது, இரண்டாவது நின்றது, ஆறு மாத மாத்திரை, எதையும் விடவில்லை. என் அப்பா இந்த ஜில்லாவிலேயே பெரிய மனிதர் என்று அப்போது தோன்றியது. நவீன்குமாரின் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பிடிக்காவிட்டால் போகட்டும், இப்போதே எடுத்துவிடலாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் இந்தத் தடவை எனக்குத் தமிழிலும் வலித்தது.

நவீன்குமார் தன் அம்மாவைப் பார்த்தார். பிறகு என் அப்பாவைப் பார்த்தார்.

"எனக்கு வலது காது கேக்காதுங்க" என்றார். "சின்ன வயசுல சீழ் வெச்சுப் போச்சுங்க. சொல்ல வேண்டாம்னு அம்மா சொல்லியிருந்தாங்க."

"டேய்!" என்றார் அவர் அம்மா. ஆனால் அதில் பலமில்லை. கீழே வைத்த டம்ளரை எடுத்து மீதிக் காபியைக் குடித்தார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ரண்டு பக்கமும் குத்தஞ் சொல்லியாச்சு. இனிக் கயிறு திரும்பி வராதுங்க."

நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நவீன்குமாரின் இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்களுக்குப் பால் கறக்கத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க" என்றார் உடனே.