ஆமாம் சொல்ல ஓர் ஆள்

டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. தட்டை வீசி, அது விழுந்த இடத்துக்கு நடந்து போய், அங்கிருந்து மறுபடி வீசி, கடைசியில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குள் போட வேண்டும். குறைந்த வீச்சில் போட்டு முடித்தவர் ஜெயித்தவர். யார் ஒழுங்காக ஆடுகிறார், யார் கோல்மால் பண்ணுகிறார் என்று பார்ப்பதும் கூட ஆடுகிறவர்களின் வேலைதான். தட்டு விழுந்த இடத்தில் ஒரு சின்ன வில்லையை வைத்து, அதற்குப் பின்னால் நின்றுதான் அடுத்த வீச்சு. தாண்டி மிதித்தால், பார்த்தவர் உடனே "கால்" என்று குரல் கொடுக்க வேண்டும். இன்னொருவர் அந்த மூச்சிலேயே "ஆமாம்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த வீச்சு செல்லாது, மேலே ஒரு வீச்சு அபராதம். யாரும் சொல்லாவிட்டால், கத்தினவருக்குத் தொண்டை வலிதான் மிச்சம்.

அவளுக்கு மிச்சமானது அதுதான்.

டிரைவிங் ஸ்கூலில் கார் கற்றுக்கொடுப்பவள் அவள். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் காலைப் பார்த்துக்கொண்டிருப்பதே பிழைப்பு. கிளட்சை ஒருவன் படக்கென்று விடப் போகிறான் என்றால் அவனுக்குத் தெரிவதற்கு முன் இவளுக்குத் தெரிந்துவிடும். இவள் பக்கமும் ஒரு பிரேக் இருப்பதால்தான் ஊரில் பல பேர் உயிரோடு நடமாடுகிறார்கள். டிஸ்க் கோல்ஃப் கிளப்பில் அவளுக்குப் பெயரே பிரேக்கம்மா.

அந்தக் கிளப்பில் முதலில் சேர்ந்தது அவளுடைய நாத்தனார். தம்பியைச் சேர்த்துவிட்டாள். தம்பி பெண்டாட்டி சும்மா கூட வந்தாள். சும்மா வந்தவள் நாத்தனாரைவிட நன்றாக வீச ஆரம்பித்ததில்தான் வந்தது வினை. வெளியூரில் நடக்கும் பெரிய போட்டிக்குக் கிளப்பிலிருந்து ஒரே ஒரு பெண்ணை அனுப்புவார்கள். போன இரண்டு வருடமும் நாத்தனார்தான் போனாள். இந்த வருடம் தான் போயே தீருவது என்று பிரேக்கம்மா முடிவு கட்டியிருந்தாள். பயிற்சி முடித்து எட்டு மணிக்கு வீடு திரும்பிய நாட்களில், இரண்டு வலி மாத்திரையை விழுங்கிவிட்டு, தோளைத் தேய்த்துக்கொண்டே சமையலறை மேடையில் காய் நறுக்கியிருக்கிறாள்.

தேர்வு இரண்டு ஆட்டம். ஆண், பெண் என்று பிரித்து ஆடும் அளவுக்குக் கிளப்பில் ஆள் இல்லாததால், நாலு பேர் குழுவில் அவள், நாத்தனார், கணவன், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் என்று குலுக்கலில் விழுந்தது. கணவன் தலையில் எப்போதும் போல அந்தக் கறுப்பு ஹெட்போன். காதை முழுசாக மூடும் ரகம். பாட்டு கேட்டால்தான் கை நடுங்காமல் இருக்கிறதாம். வீட்டில் அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் வாக்குவாதம் வந்தால் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுகிற ஆள் அவன். மைதானத்தில் பாத்ரூம் இல்லை, பாவம்.

முதல் ஆட்டத்தில், மரங்களுக்கு நடுவே இருக்கும் குறுகலான பாதையில், நாத்தனார் வில்லையை முழுசாகத் தாண்டிக் காலை வைத்து வீசினாள். "கால்" என்றாள் பிரேக்கம்மா. கண்ணாடிக் கடைக்காரர் புதருக்குள் குனிந்து தன் தட்டைத் தேடிக்கொண்டிருந்தார். கணவன் நாத்தனாருக்கு நேர் பின்னால் நின்றிருந்தான். இவள் இன்னொரு தரம் கத்தினாள். அவன் தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தான், பாட்டுக்கு. அந்தத் தலையாட்டலை ஆமாம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். நாத்தனார் தட்டை எடுக்க நடக்க ஆரம்பித்துவிட்டாள். அன்று ஒரே ஒரு வீச்சில் பின்தங்கினாள் பிரேக்கம்மா.

வீட்டுக்கு வந்ததும் கணவனைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஹெட்போனைக் கழற்றி, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, சத்தியமாகத் தன் காதில் எதுவும் விழவில்லை என்றான். அவளுக்கு அவன் மேல் வந்த கோபம் முழுவதும் அந்தக் கறுப்பு வஸ்துவின் மேல் திரும்பியது.

அடுத்த வாரமே கிளப்பில் கூட்டம் கூட்டச் சொல்லி, போட்டியில் ஹெட்போனைத் தடை செய்ய வேண்டும் என்று பிரச்சினையைக் கிளப்பினாள். மைதானத்துக் கேன்டீனில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்தார்கள். பாட்டு இல்லாவிட்டால் அடுத்தவர் இருமல் எல்லாம் காதில் விழுந்து கவனம் சிதறும் என்று கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் அடம்பிடித்தார்கள். போன மாசம் ஹெட்போன் மாட்டியிருந்த ஒருவனை நோக்கித் தட்டு வந்தபோது, தான் கத்தியும் அவன் நகரவில்லை, கடைசியில் தட்டு அவன் முதுகில்தான் பட்டது என்று கண்ணாடிக் கடைக்காரர் கதை சொன்னார். அவனவன் காது அவனவன் சொத்து, அதில் கமிட்டிக்கு என்ன வேலை என்று கேட்டாள் நாத்தனார்.

அப்போது பிரேக்கம்மா எழுந்தாள்.

"நடுவர் இல்லாத ஆட்டம் இது. நமக்கு நாமதான் சாட்சி. சாட்சி காத அடச்சுக்கிட்டு நின்னா என்ன பண்றது? என் வீட்டுக்காரரையே எடுத்துக்குங்க. அவருக்குக் கேட்டிருந்தா கண்டிப்பா சொல்லியிருப்பார். சொந்த அக்காவா இருந்தாலும் சொல்லியிருப்பார்."

எல்லோரும் கணவனைப் பார்த்தார்கள். ஹெட்போன் மாலை மாதிரி அவன் கழுத்தில் கிடந்தது. கூட்டம் என்ன முடிவெடுக்கிறதோ அதற்குத் தானும் கட்டுப்படுவதாகச் சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினான். மதில் மேல் பூனை. தடை நிறைவேறியது. பிரேக்கம்மாவுக்குப் பாதிப் போட்டியை ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

இரண்டாவது ஆட்டத்துக்கு அவன் வெறும் காதோடு வந்தான். ஹெட்போனைக் காரிலேயே விட்டுவிட்டான். இத்தனை நாள் மூடிக் கிடந்த காதுகள் வெயிலில் சிவந்து தெரிந்தன. பிரேக்கம்மா அன்று பிரமாதமாக ஆடினாள். கடைசிக் கூடைக்கு வரும்போது, போன ஆட்டத்தின் அந்த ஒரு வீச்சையும் சரிக்கட்டி, நாத்தனாரோடு சமமாக நின்றாள்.

நாத்தனாரின் தட்டு ஒரு சரிவில் விழுந்திருந்தது. அங்கிருந்து கூடைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் அவளுக்கு வழி. வில்லையை வைத்தாள், ஓடி வந்தாள், வீசினாள். பிரேக்கம்மாவின் கண் அவள் காலில்தான் இருந்தது. வில்லை ஷூவுக்கு அடியில் இருந்தால்கூடப் பரவாயில்லை. ஷூ வில்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"கால்."

மைதானமே கேட்கும்படி சொன்னாள். பறவைகூட ஒன்று எழும்பிப் போனது. கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு கையையும் விரித்தார். "நான் கூடையத்தாம்மா பார்த்தேன். பார்க்காதத பார்த்தேன்னு சொல்ல மாட்டேன்." பிரேக்கம்மா கணவனைப் பார்த்தாள். இரண்டு கை தூரத்தில் நின்றிருந்தான். காதில் ஒன்றும் இல்லை. அவன் குனிந்து, கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"நான் கவனிக்கல" என்றான், லேஸைப் பார்த்துக்கொண்டே.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. பிரேக்கம்மாவின் தட்டு சங்கிலியில் மோதி, உள்ளே விழாமல் தெறித்து வெளியே உருண்டது. நாத்தனார் பக்கத்திலிருந்து அலட்டாமல் போட்டு முடித்தாள். கை குலுக்கும்போது நாத்தனார், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றாள். சரிங்க அண்ணி என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

காரை அவன்தான் ஓட்டினான். அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் மண்டியது. அவன் மூச்சு விடுகிற சத்தம்கூடப் பிடிக்கவில்லை. டேஷ்போர்டு மேல் ஹெட்போன் கிடந்தது. எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதையும் ஆன் செய்யவில்லை. எந்தப் பொத்தான் எதற்கு என்றே அவளுக்குத் தெரியாது.

இதைப் போட்டால் உலகமே அடங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். அடங்கவில்லை. கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். இண்டிகேட்டர் டக் டக் என்று அடிப்பது கேட்டது. பின் சீட்டில் பைக்குள் தட்டுகள் ஒன்றோடொன்று உரசுவது கேட்டது.

சிக்னலில் கார் நின்றது. அவன் அவளை ஒரு தரம் பார்த்தான். காது மூடியிருப்பதைப் பார்த்ததும் நீளமாக மூச்சை விட்டான். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துத் தனக்குத்தானே பேச ஆரம்பித்தான்.

"முழுப் பாதமும் தாண்டித்தான் இருந்துச்சு. அன்னிக்கும் பார்த்தேன், இன்னிக்கும் பார்த்தேன். இவ கத்தினது நல்லாவே கேட்டுச்சு. ஆமான்னு சொன்னா அக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு ஆறு மாசம் வாசப்படி மிதிக்க மாட்டா. இவ ரெண்டு நாள் பாத்திரத்த டமால் டமால்னு வெப்பா, அப்புறம் சரியாயிடுவா. இவ எங்க போயிடப் போறா."

அவள் இத்தனை நாள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். பார்த்தேன். மைதானத்தில் எல்லோர் முன்னாலும் ஒரே ஒரு மூச்சு நேரத்துக்குள் சொல்லியிருக்க வேண்டியதை, யாருக்கும் கேட்காது என்று நிச்சயமானதும் சிக்னலில் சொல்கிறான். கேட்டிருந்தா சொல்லியிருப்பார் என்று கேன்டீனில் அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று பேசியது ஞாபகம் வந்து அவளுக்கு முகம் எரிந்தது. இந்த மனுஷனுக்காகவா ஒரு சட்டத்தையே மாற்றினேன் என்று இருந்தது.

பச்சை விழுந்து கார் நகர்ந்தது. அவள் வலது கால் தன்னால் தரையை அழுத்தியது. டிரைவிங் ஸ்கூல் காராக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நின்றிருக்கும்.

"ஓரமா நிறுத்துங்க."

அவன் திடுக்கிட்டு பிரேக் போட்டான். அவள் முகத்தைப் பார்த்தான், காதில் இருந்ததைப் பார்த்தான். அதில் எரிய வேண்டிய சின்ன விளக்கு எரியவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"கேட்டுச்சா?"

அவள் இறங்கினாள். பின் கதவைத் திறந்து தன் தட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வீட்டுக்குப் போகிற பஸ் இந்தப் பக்கம் நிற்கும். அவள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள். கார் கண்ணாடியை இறக்கிவிட்டு அவன் கூப்பிட்டான், இன்னும் சத்தமாகக் கூப்பிட்டான், அக்காவிடம் இப்பவே போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன் என்று நடுத்தெருவில் கத்தினான். ஹெட்போன் அவள் காதில் அப்படியே இருந்தது. அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. பஸ் வந்தது. அவள் கை காட்டி நிறுத்தி, முன் படியில் ஏறினாள்.