எல்லாமே அறுபது

பஸ் ஓட்டுகிறவளுக்கு முட்டி போனால் பிழைப்பே போன மாதிரி. ஆபரேஷன் முடிந்த பிறகு டிப்போவில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: உடல் தகுதிச் சோதனையில் தேறினால் ஸ்டீயரிங், இல்லாவிட்டால் டிக்கெட் கவுண்டர். கண்ணாடிக்குப் பின்னால் நாள் முழுக்க உட்கார என்னால் ஆகாது. ஒரே வாரத்தில் யாரையாவது கடித்து வைத்துவிடுவேன்.

அப்போது என் தம்பி, உடற்பயிற்சித் திட்டம் போடும் ஒரு செல்போன் ஆப்புக்கு விவரத் திரை செய்துகொண்டிருந்தான். பட்டியலில் ஒரு பயிற்சியைத் தொட்டால் தனியாகத் திறக்குமே, அந்தத் திரை. மேலே பெயர், கீழே எத்தனை தடவை, எப்படிச் செய்வது. எல்லோருக்கும் தருவதற்கு முன்னால் என் போனில் போட்டுக் கொடுத்தான். பிசியோதெரபி டாக்டரே அதில் என் பயிற்சிகளை ஏற்றிவிட்டார். வேலை சுலபம் என்று சந்தோஷப்பட்டேன்.

கணுக்கால் ஆட்டல், அறுபது. செய்தேன், டிக் போட்டேன். கால் தூக்கல், அறுபது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுதல், அதுவும் அறுபது! டாக்டருக்கு என் மேல் என்ன கோபமோ என்று திட்டிக்கொண்டே அதையும் முடித்தேன். சில நாளில் முட்டி பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

"யாரும்மா உங்களை அறுபது தடவை எழுந்திருக்கச் சொன்னது? நான் போட்டது அஞ்சு!" என்றார் டாக்டர். சோதனையைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் போனைத் தம்பி மடியில் போட்டேன். "என் காலை உடைக்கத்தான் இதைச் செஞ்சியாடா?"

அவன் நாற்காலிப் பயிற்சியைத் தொட்டுப் பார்த்தான். அஞ்சு என்றே காட்டியது. "சரியாத்தானே இருக்கு? நீ கண்ணாடி போட்டுப் பார்த்தியா?"

"பஸ் ஓட்டுற கண்ணுடா இது! அறுபதுக்கும் அஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், அந்த அறுபது எங்கிருந்து வந்தது என்று எனக்கும் குடைச்சலாக இருந்தது. அவனுக்கோ சோறே இறங்கவில்லை. "நீ தினமும் எப்படிச் செய்வியோ அப்படியே செய்யக்கா, நான் பார்க்கிறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தான்.

கணுக்காலை ஆட்டி முடித்து டிக் போட்டேன். முடிந்தது கீழே இறங்கியது, கால் தூக்கல் மேலே ஏறி முதல் வரிக்கு வந்தது. அதைத் தொட்டேன். பெயர் கால் தூக்கல்தான், எண்ணிக்கை அறுபது.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "ஐயய்யோ! வரிசை மாறினது என் திரைக்குத் தெரியலக்கா. முதல் வரியைத் தொட்டா பழைய முதல் பயிற்சியோட கணக்கையே எடுத்து நீட்டுது."

"இதை நீ முன்னாடியே பார்க்கலையா?"

"ஒவ்வொண்ணா தொறந்து பார்த்தேனே. டிக் மட்டும் போடல." குரல் இறங்கிவிட்டது. "செய்யாம எப்படிக்கா டிக் போடுறது? பொய்யாயிடாதா?"

உடற்பயிற்சி ஆப் செய்கிறவன் ஒரு நாள்கூட உடற்பயிற்சி செய்யவில்லை! வீங்கின முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் அழுகை வந்தது. எனக்கு என் பஸ் வேண்டும்.

அன்றே திருத்திவிட்டான். நான் நம்புவேனா? "நீ செய். எல்லாத்தையும் செஞ்சு, டிக் போட்டுக் காட்டு." வீக்கம் வடிந்து டாக்டர் மறுபடி ஆரம்பிக்கச் சொன்ன பிறகும் அவனை விடவில்லை. தினமும் காலையில் அவன் முதலில், பிறகு நான். முனகுவான், மூச்சு வாங்குவான், ஆனால் ஒரு நாளும் தப்பித்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் எழுந்து உட்காரும்போது நாற்காலி நழுவி, தரையில் தொப்பென்று விழுந்தான். "அம்மா!"

"அடிபட்டுதாடா?" ஓடிப் போய் அவன் பக்கத்தில் குந்தி, தலையைத் தடவிப் பார்த்தேன்.

அவன் தலையைப் பார்க்கவில்லை, என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் குனிந்து பார்த்தேன். முட்டி முழுசாக மடங்கியிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நான் குந்தியதே இல்லை.

"வலிக்குதாக்கா?"

"பேசாம இரு." எங்கும் கை ஊன்றாமல், மெதுவாக எழுந்தேன். நின்றேன்.

அவனைத் தரையிலேயே விட்டுவிட்டு டிப்போவுக்குப் போன் போட்டேன். "சார், சோதனைக்குத் தேதி குடுங்க" என்றேன்.