நடைக்கு ஒரு பச்சை விளக்கு

சுண்ணாம்பு மட்டையோடு நான் ஏணியின் உச்சியில் நின்றிருந்தேன். கீழே என் மகள் மாயக்காள் ஈரச் சுவரை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் அழிச்சுப்புட்டீகளேப்பா,” என்றாள்.

அந்தச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓடிக்கொண்டிருந்த கறுப்புக் கோட்டைத்தான் சொன்னாள். பத்து வருஷமாக அவள் கை தேய்ந்து தேய்ந்து விழுந்த கோடு. வளவில் குடியிருந்த ஆறு குடும்பமும் அதை அழுக்கு என்றே நினைத்திருந்தது. அவளுக்கு மாலைக்கண் என்பது எனக்கும் செத்துப்போன அவள் ஆத்தாளுக்கும் மட்டுந்தான் தெரியும்.

எங்கள் நடையின் இருட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெற்குமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்து, சந்துக்குள் எங்கள் வளவு, தெருக்கதவைத் தாண்டினால் முற்றம் வரைக்கும் சன்னலே இல்லாத நாற்பது தப்படி நடை. முப்பத்திமூன்றாம் வருஷம் உள்ளே நுழைந்த தபால்காரர் ஒருவர் இன்னும் வெளியே வரவில்லை. நடுப்பகலிலும் பூனைகள் ஒன்றன் வாலை ஒன்று கவ்விக்கொண்டுதான் போகும். முப்பது வருஷம் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து எத்தனையோ அமாவாசைகளைப் பார்த்தவன் நான். அத்தனைக்கும் இருட்டு இங்கிருந்துதான் போனது என்பது என் முடிவு.

“நாப்பது இல்லப்பா, இருபத்தாறு,” என்பாள் மாயக்காள். எண்ணி வைத்திருந்தாள். அந்தி சாய்ந்தால் ஊரே அங்கே முட்டிக்கொள்ளும். அவள் மட்டும் தண்ணீர்க் குடத்தோடு ஒரு சொட்டு சிந்தாமல் வருவாள்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை நல்லகாமன், மாடு கன்றும் மானாவாரி நிலமும் உண்டு. அவன் தாய் ராமக்காள் ஒன்றே ஒன்று சொல்லியனுப்பினாள். விளக்கு வைக்கிற நேரத்தில் பெண்ணே கையில் விளக்கோடு தெருக்கதவு வரை வந்து கூப்பிட வேண்டும்; அது அவர்கள் வீட்டு வழக்கம். காலையில் வரச் சொல்லிப் பார்த்தேன், மத்தியானம் என்றும் கேட்டுப் பார்த்தேன். அந்த அம்மாள் அசையவில்லை.

“சொல்லிருவோம்ப்பா,” என்றாள் மாயக்காள்.

“தாலி ஏறட்டும். பெறகு நானே சொல்றேன்.”

“பெறகு சொன்னா அதுக்குப் பேரு வேற.”

நான் சுண்ணாம்பைக் கரைத்தேன். சுவரில் இருந்த கோடு ராமக்காள் கண்ணில் படக் கூடாது என்றுதான் ஏணியில் ஏறினேன்.

கோரிப்பாளையத்தில் கண்ணாடிக் கடை வைத்திருந்த சேக் இஸ்மாயில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை இரவல் தந்து, தானே வந்து எதிர்ச்சுவரில் மாட்டினார். தெருக்கதவை ஒட்டிய மாடத்தில் என் பழைய ரயில்வே கைவிளக்கை ஏற்றி வைத்து, பச்சைக் கண்ணாடியைத் திருப்பினேன். நடை முழுவதும் தெப்பக்குளத்தின் அடியில் இறங்கியதுபோல் ஆகிவிட்டது.

“அண்ணே, இது வீட்டு நடையா, ஜமீன் தர்பாரா?”

“உள்ள வந்ததும் ராமக்காளுக்குப் பேச்சு நின்னு போகணும் பாய்.”

“அப்ப ஒரு குரோட்டன்ஸ் செடித் தொட்டி வைங்க. வக்கீல் வீட்டுலயெல்லாம் அதான் வச்சிருக்காக.”

மாயக்காள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: புதிதாக எதையும் தரையில் வைக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை நடந்தும் காட்டியிருந்தாள். சரியென்று தலையை ஆட்டியவனும் நான்தான். எதிர்ச்சுவரோரம் வைத்தால் கண்ணாடியை மறைக்குமே என்று, அவள் கை ஓடும் சுவரோரமே தொட்டியை வைத்து, எட்டி நின்று அழகு பார்த்தவனும் நான்தான்.

சொன்னபடியே விளக்கு வைக்கிற நேரத்தில் ராமக்காளும் நல்லகாமனும் தெருக்கதவில் வந்து நின்றார்கள். நான் பக்கத்தில் நின்றேன். பச்சை வெளிச்சத்தைப் பார்த்ததும் ராமக்காளுக்குப் பேச்சு நின்றது. எனக்குப் பரம சந்தோஷம்.

மாயக்காள் முற்றத்திலிருந்து வந்தாள். ஒரு கையில் விளக்கு, ஒரு கை சுவரில். கண்ணாடிக்குள் இன்னொரு மாயக்காள் இன்னொரு விளக்கோடு கூடவே வந்தாள். ராணி மாதிரி வந்தாள் என்று சொல்லமாட்டேன். ராணிகள் இவளைப் பார்த்துத்தான் நடை பழகியிருப்பார்கள். பதினெட்டு, பத்தொன்பது என்று உதடு எண்ணுவது தெரிந்தது. அப்போதுதான் எனக்குத் தொட்டி ஞாபகம் வந்தது. முப்பது வருஷம் கொடி காட்டி வண்டிகளை நிறுத்திய கை, மேலே எழும்பவே இல்லை.

விழுந்தாள். விளக்கு உருண்டு போய் அணைந்தது.

“எண்ணெய் வழுக்கிருச்சு. கண்ணாடி வேற கூசுது. காலையில இருந்து பட்டினி,” என்று ஒரே மூச்சில் மூன்று பொய்களைச் சொன்னேன்.

மாயக்காள் எழுந்து உட்கார்ந்தாள். “மாலையானா எனக்குக் கண்ணு தெரியாது அத்த. சின்னப்புள்ளையில இருந்தே அப்படித்தான்.”

“ஒங்கப்பா சொல்லலையே.”

“நானும் சொல்லல.”

 ராமக்காள் மாடத்தருகே போய்க் கைவிளக்கின் திரியை இறக்கினாள். பச்சை போயிற்று. பழைய இருட்டு திரும்பி வந்து நிரம்பியது.

“இப்ப உள்ள போ தாயி. நான் பின்னாடி வாரேன்.”

எந்த முகத்தோடு சொன்னாள் என்று பார்க்க முடியவில்லை. நான் தட்டுத்தடுமாறிப் போய்த் தொட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். மாயக்காளின் வளையல் சத்தம் என்னைக் கடந்து உள்ளே போனது. அதன் பின்னால், காய்ந்த சுண்ணாம்பில் இன்னொரு உள்ளங்கை உரசிக்கொண்டு போகும் சத்தம்.

கதவருகிலிருந்து நல்லகாமன் செருமினான். “எம்புட்டுத் தூரம் போகணும்?”

“இருபத்தாறு தப்படி,” என்றேன்.

அவன் செருப்பைக் கழற்றுவது கேட்டது. ஈர மண்ணோடு தொட்டி கனத்தது. எங்கே இறக்கி வைத்தாலும் அது யாரோ ஒருவர் கால் வைக்கிற இடமாக இருந்தது.