அரைக் கல் உப்பு

என் தம்பி ஐவிண்ட் மகா கஞ்சன். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒரு முறை கொதித்த காப்பித்தூளை மறுபடியும் கொதிக்க வைக்கிறவன் அவன். அந்தக் கஞ்சத்தனம் எங்கள் மலையில் நூற்று எண்பது மான்களைத் தின்றுவிட்டது. அதைச் செய்துவிட்டு அவன் நிம்மதியாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறான்.

முதலில் வடக்கு மலை போனது. அங்கே ஒரு பனிமானுக்கு ஒரு கொடிய நோய் வந்தது. நோய் வந்த மான் எலும்பும் தோலுமாகும், எச்சில் ஒழுகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடக்கும், கடைசியில் செத்துவிழும். மருந்து கிடையாது. அதன் எச்சில் விழுந்த மண்ணில் நோய் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். தலைநகர் ஓஸ்லோவில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள், வடக்கு மந்தை மொத்தத்தையும் கொல்வது என்று முடிவெடுத்தார்கள். முதலில் வேட்டைக்காரர்களான எங்களிடம் அவற்றைச் சுடச் சொன்னார்கள். நானும் சுட்டேன். அந்த வருடம் பிறந்த குட்டிகளைக்கூடச் சுட்டேன். பிறகு ஹெலிகாப்டரில் ஆட்கள் வந்து மிச்சத்தை முடித்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் மான்கள் இருந்த மலையில் இப்போது காற்று மட்டும்தான் அடிக்கிறது.

நெடுஞ்சாலைக்குத் தெற்கே நானூறு மான்கள் தப்பின. அந்த மந்தையில் நோய் இல்லை. அதுவும் போனால் எங்கள் பள்ளத்தாக்கில் வேட்டை என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சாது. துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு, கடையில் கோழி வாங்கித் தின்ன வேண்டியதுதான்.

வேட்டைக்கு முந்தின வாரம், மந்தை எங்கே மேய்கிறது என்று பார்க்கத் தெற்கு மலைக்கு ஏறினேன். ஓடைக்கு மேலே ஒரு தட்டைப் பாறை. அதன் மேல் ஒரு உப்புக்கல். வெள்ளைக் கல் பாதி நக்கப்பட்டுக் கிண்ணம் போலக் குழிந்திருந்தது. சுற்றிலும் சேற்றில் செம்மறியின் சின்னக் குளம்புத் தடங்கள். அவற்றின் மேலேயே பனிமானின் அகலமான வட்டத் தடங்கள்.

குனிந்து கல்லைப் புரட்டிப் பார்த்தேன்.

ஆடு வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் கோடையில் மலைமேல் உப்பு வைப்பார்கள்தான். உப்பு இருக்கும் இடத்தை ஆடு விட்டு நகராது. செப்டம்பரில் மந்தையை இறக்கும்போது தேடி அலைய வேண்டாம். ஆனால் அதே உப்புக்கு மானும் வரும், ஒன்றின் எச்சிலை இன்னொன்று நக்கும். அதனால்தான் மான் நுழைய முடியாத கம்பி வேலிக்குள் அல்லாமல் உப்பு வைக்கக்கூடாது என்று தடை போட்டார்கள். வடக்கு மலையில் கிடந்த பழைய கற்களை எரிப்பதற்கு ஒப்படைக்கச் சொன்னார்கள். இந்தக் கல்லைச் செருகியிருந்த இரும்புக் கம்பியில் எங்கள் பண்ணை முத்திரை இருந்தது; அங்கே ஆடு வளர்ப்பது ஐவிண்ட்தான். கல்லின் அடியில் செம்மண் ஒட்டியிருந்தது. தெற்கு மலையில் செம்மண்ணே கிடையாது, வடக்கு மலையில்தான் உண்டு.

நேரே ஐவிண்டின் சமையலறைக்குப் போனேன். அவன் ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டியைக் கண்ணாடி மாதிரி மெல்லிசாகச் சீவி வைத்துக்கொண்டிருந்தான்.

"டேய், தெக்கு மலையில உப்புக்கல் வச்சது நீதானே?"

"ஆமா. அதுக்கு ஏன் இப்பிடிக் கத்துற? உக்காரு, காப்பி குடி."

"அது வடக்கு மலைக் கல்லு!"

"அதுல பாதி அப்படியே இருந்துச்சுக்கா. எரிக்கக் குடுன்னா குடுத்துர முடியுமா? நல்ல உப்பு அது. மூணு கல்லு. முதுகுல சுமந்து கொண்டுபோனேன் தெரியுமா?"

"நோயைச் சுமந்துட்டுப் போயிருக்கடா, மடையா!"

"என் ஆடு ஒண்ணாவது செத்துச்சா?"

"ஆட்டுக்கு அது வராதுடா. மானுக்கு வரும்!"

"ஆபீஸ்காரன் சொல்றதையெல்லாம் நம்பிட்டுத் திரியுற. சரி, போய்ச் சொல்லு. சொன்னா என்ன நடக்கும்? அந்த நானூறையும் சுட்டுடுவானுங்க. சொல்லாம விட்டா ஒருவேளை ஒண்ணுமே நடக்காது. நீயே யோசிச்சுக்கோ."

அவன் முகத்தில் அறையலாம் போலிருந்தது. அறைந்திருக்க வேண்டும். ஆனால் அவன் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் என்னை இன்னும் எரிய வைத்தது. சொன்னாலும் மந்தை போகலாம், சொல்லாவிட்டாலும் போகலாம். கல்லை எடுத்துவிடலாம், மண்ணில் இறங்கிய உப்பை எப்படி எடுப்பது? மான்கள் அந்த மண்ணை வருடக்கணக்கில் நக்கிக்கொண்டேதான் இருக்கும்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் கால்நடை மருத்துவர் சில்யேவுக்குப் போன் செய்தேன். கல்லை வைத்தது யார் என்பதையும் சொன்னேன். ஆனால் பெயரை ஊருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளும்படி கெஞ்சினேன். கூடப் பிறந்த பாவம்.

"பேர் வெளிய வராது, தூரித். அது என் பொறுப்பு," என்றாள் சில்யே. "ஆனா மந்தைக்கு நோய் வந்திருக்கான்னு பாத்தே ஆகணும்."

"பாருங்க. ரத்தம் எடுத்துப் பாருங்க."

"ரத்தத்துல தெரியாது. மூளையைத்தான் பாக்கணும்."

"அப்படின்னா?"

"நூத்தி எண்பது தலை வேணும். இந்த சீசன்லயே."

மான்கள் நலமாக இருக்கின்றனவா என்று பார்க்க மான்களைக் கொல்ல வேண்டுமாம்! போனைச் சுவரில் எறியப் போனேன். எறியவில்லை. வேறு வழி எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

அந்த ஆறு வாரத்தை வேட்டை என்று நான் சொல்ல மாட்டேன். எப்போதும் ஒரு வீட்டுக்கு ஒரு மான்தான். அதற்கே நாள் கணக்கில் காற்றைப் பார்த்துத் தவழுவோம். இப்போது கையில் கத்தையாக அனுமதிச் சீட்டு. சுட்டோம், தலையை அறுத்தோம், பையில் போட்டு எண் ஒட்டினோம். பரிசோதனை முடிவு வரும்வரை இறைச்சியைத் தொடக்கூடாது. தாயைச் சுட்டால் குட்டி ஓடாமல் பக்கத்திலேயே நிற்கும். அதையும் சுட்டோம். ஐவிண்ட் ஒரு நாள்கூட மலை ஏறவில்லை. முழங்கால் வலியாம்.

நவம்பரில் கடைசி முடிவும் வந்தது. நூற்று எண்பதில் ஒன்றில்கூட நோய் இல்லை.

அன்று மாலை ஊர்க்கூடத்தில் கூட்டம். சில்யே ஒரு காகிதத்தோடு முன்னால் தனியாக நின்றாள். நோய் வெளியே தெரிய வருடங்கள் ஆகும், அடுத்த இலையுதிர்காலத்திலும் தலைகள் வேண்டியிருக்கும் என்று ஆரம்பித்தாள். முடிக்க விடவில்லை.

"சீக்கில்லாத மந்தையைப் பாதியாக்கிட்டு இன்னும் வேணுமா?"

"வடக்கையும் காலி பண்ணீங்க, இப்ப தெக்கா?"

"எவனோ உப்பு வச்சானாம்! யாரந்த எவன்? பேரைச் சொல்லு பாப்போம்! எல்லாம் இவங்க கட்டுன கதை!"

இந்தக் கடைசிக் குரல் எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்தேன். ஐவிண்ட். பின் வரிசையில் பெஞ்சின் மேல் ஏறி நின்று, முகம் சிவக்கக் கத்திக்கொண்டிருந்தான். முழங்கால் வலி போய்விட்டது போலிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள் அவன் முதுகில் தட்டினார்கள். "சரியாக் கேட்டடா!" என்றார்கள். அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

சில்யே என் பக்கம் திரும்பவே இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு, காகிதத்தையே பார்த்தபடி, அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

நான் எழுந்தேன்.

"பேரு வேணுமா? நான் சொல்றேன். கீழ இறங்குடா ஐவிண்ட். அந்தக் கல்லு எங்க பண்ணைக் கல்லு. வடக்கு மலையிலேருந்து அதை முதுகுல சுமந்து கொண்டுபோனது இவன்தான். மூணு அரைக் கல்லு உப்பை விட்டுக்கொடுக்க இவனுக்கு மனசு வரல."

அவன் முதுகைத் தட்டிய கைகள் ஒவ்வொன்றாக விலகின. அவன் பெஞ்சிலிருந்து இறங்க ஒருவரும் கை கொடுக்கவில்லை.